அப்பாவைப் பார்த்துச் சிரிக்கலாமா?

கனடாவின் டொரொண்டோ நகரில் ஒரு மளிகைக் கடை. கல்லாவில் நிற்கும் பெரியவரை நோக்கி மகள், “அப்பா!” என்று குரல் கொடுக்கிறாள். தொலைக்காட்சியை ஓடவிட்டுவிட்டு அடுப்படியில் வேலையாக இருக்கும் தமிழ்த் தாய் ஒருவர், ‘ஏதோ தமிழ் நாடகம் போலிருக்கிறதே’ என்று எட்டிப் பார்த்தால் அதில் வியப்பில்லை. ஆனால் திரையில் தெரிவது தமிழ்க் குடும்பமல்ல, கொரியக் குடும்பம். கொரிய மொழியிலும் வீட்டில் தந்தையை ‘அப்பா’ என்றுதான் அழைக்கிறார்கள்.

‘கிம்ஸ் கன்வீனியன்ஸ்’ என்னும் இந்த நகைச்சுவைத் தொடர் 2016 முதல் 2021 வரை கனடாவின் சிபிசி தொலைக்காட்சியில் ஒளியேறியது. நெட்ஃபிளிக்ஸ் வழியாக உலகின் பல நாடுகளுக்கும் சென்றது. அதில் வரும் கடைக்காரத் தந்தை பிடிவாதக்காரர். தமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைப்பவர். பிள்ளைகளைப் பாராட்ட வாய் வராதவர். மகன் ஜங், பதின்ம வயதில் சில்லறைக் குற்றங்களில் சிக்கித் தந்தையோடு முறைத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவன். தாய் மட்டும் கணவருக்குத் தெரியாமல் அவனைப் போய்ப் பார்த்து வருகிறார். இப்படி ஒரு குடும்பத்தைச் சற்றே வேறு பெயர்களோடு கிள்ளானிலும் காணலாம், ஈசூனிலும் காணலாம்.

இந்தத் தந்தைக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. கடைக்கு வெளியே வாகனம் நிறுத்தக் கூடாத இடத்தில் ஜப்பானியக் கார் ஏதாவது நின்றுவிட்டால் அவருக்குப் பொறுக்காது. பார்ப்பவர்களுக்கு அது கிழவரின் கிறுக்குத்தனம். ஆனால் கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் அடங்கிக் கிடந்த நாடு என்பதை அறிந்தவர்களுக்கு அது கிறுக்குத்தனமாக மட்டும் தெரியாது. சயாம் ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டுத் திரும்பி வராத தாத்தாக்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த மலேசியத் தமிழர்களுக்கு அந்தக் கோபம் சட்டென்று விளங்கும். டொரொண்டோவில் பிறந்து வளர்ந்த மகளுக்கு அது விளங்குமா என்பதுதான் கேள்வி.

ஆசியக் குடும்பங்களைப் பற்றிய தொலைக்காட்சி நகைச்சுவையின் சிக்கல் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பெற்றோரின் பழக்கம் பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது தெரிவதில்லை. பழக்கத்தை மட்டும் எடுத்துக் காட்டினால் அது கேலிச் சித்திரம். காரணத்தையும் சேர்த்துக் காட்டினால் அங்கே ஒரு மனிதர் எழுந்து நிற்கிறார். சிரிப்பு இரண்டிலும் வரும். ஆனால் இரண்டும் ஒரே சிரிப்பல்ல.

முதல் வகைச் சிரிப்புக்கு எடுத்துக்காட்டுத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பிரிட்டனின் ஐடிவியில் 1977 முதல் 1979 வரை முதல் சுற்றில் வந்த ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ தொடரை மலேசியா, சிங்கப்பூரில் நடுவயதைத் தாண்டிய பலரும் இன்றும் நினைவு வைத்திருப்பார்கள். லண்டனில் ஓர் இரவு வகுப்பு. ஆங்கிலம் படிக்க வந்த வெளிநாட்டவர் கூட்டம். தலைப்பாகை கட்டிய ரஞ்சித் சிங், பாகிஸ்தானிய அலி, எந்நேரமும் பின்னிக்கொண்டிருக்கும் இந்திய மாது ஜமீலா, மாவோவின் சிவப்புப் புத்தகத்தை விடாத சீனப் பெண். ரஞ்சித்தாக நடித்தவர் சீக்கியரல்லர்; இலங்கையில் பிறந்த ஆல்பர்ட் மோசஸ். வகுப்பில் ஆளுக்கொரு நாடு, நாட்டுக்கொரு குணம். அந்தக் குணத்துக்கு அப்பால் அவர்களுக்கு வீடு இல்லை, வாசல் இல்லை. தொடர் நல்ல வரவேற்போடு ஓடிக்கொண்டிருந்தபோதே, இது பிற இனத்தாரை இழிவுபடுத்துகிறது என்று கருதித் தொலைக்காட்சி நிறுவனத்தார் அதை நிறுத்தினர்.

அதற்கும் முந்திய நிலைமை இன்னும் மோசம். இந்தியராக நடிக்க இந்தியரே தேவைப்படவில்லை. முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்ட வெள்ளைக்கார நடிகர் போதும். பிபிசியின் ‘இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம்’ தொடரில் ராணுவ முகாமின் இந்தியப் பணியாளராக வந்த மைக்கேல் பேட்ஸ் அப்படித்தான் வந்தார்.

பிறகு பிள்ளைகள் பேனாவைக் கையில் எடுத்தார்கள். இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் அவர்கள். மீரா சயால், சஞ்சீவ் பாஸ்கர், நீனா வாடியா, குல்விந்தர் கீர் ஆகிய நால்வரும் நடித்த ‘குட்னஸ் கிரேசியஸ் மீ’ முதலில் 1996இல் வானொலியில் தொடங்கி, 1998இல் பிபிசி 2 தொலைக்காட்சிக்கு வந்தது. மும்பையைச் சேர்ந்த கூட்டம் ஒன்று குடித்துவிட்டு ‘இங்கிலீஷ் சாப்பாட்டுக் கடை’க்குப் போய், வெள்ளைக்காரப் பணியாளின் பெயரைக் கொச்சைப்படுத்தி, உப்புச் சப்பில்லாத பதார்த்தமாகப் பார்த்துக் கேட்கும் காட்சி இன்றும் பேசப்படுகிறது. வெள்ளிக்கிழமை இரவுகளில் இந்திய உணவகங்களில் நடந்த கூத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது அந்தக் காட்சி.

ஆனால் அந்த நால்வரும் வெள்ளைக்காரரை மட்டும் விட்டு வைக்கவில்லை என்பதல்ல, சொந்தப் பெற்றோரையும் விட்டு வைக்கவில்லை. உலகில் உள்ள எல்லாமே இந்தியாவிலிருந்து வந்தவை என்று சாதிக்கும் தந்தை வந்தார். என் மகன்தான் பெரியவன் என்று போட்டி போடும் இரு தாய்மார் வந்தனர். தம்மைக் ‘கூப்பர்’ என்று அழைத்துக்கொள்ளும் கபூர் குடும்பமும் ‘ராபின்சன்’ ஆகிவிட்ட ரவீந்திரநாத் குடும்பமும் வந்தன. வெளியில் சாப்பிடப் போகலாம் என்று யார் கூப்பிட்டாலும், இதை நான் வீட்டிலேயே செலவில்லாமல் செய்வேனே, ஒரு சின்னக் கத்தரிக்காய் இருந்தால் போதுமே என்று மறுக்கும் தாய் வந்தார்.

இந்தக் கத்தரிக்காய்த் தாயைப் பற்றி ஒரு வார்த்தை. அன்றைய இந்தியாவில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. பிரிட்டனுக்குக் கப்பலோ விமானமோ ஏறியவர்களில் பலர் 3 பவுண்டு பணத்துடன்தான் போய் இறங்கினார்கள். 3 பவுண்டில் வாழ்க்கையைத் தொடங்கியவருக்கு உணவகம் என்பது பணத்தைக் கொட்டும் குழி. அந்தக் கணக்கு அவர் மனத்தில் நிலைத்துவிட்டது. மகன் வேலைக்குப் போய் வீடு வாங்கிய பிறகும் கத்தரிக்காய் பேசுகிறார். நேயர்களில் அந்தக் கதை தெரிந்தவர்களுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டே சிரிப்பு வந்தது. தெரியாதவர்களுக்கு ‘இந்தியத் தாய் கஞ்சத்தனக்காரி’ என்பது மட்டும் போய்ச் சேர்ந்தது. ஒரே காட்சி, இரண்டு பார்வையாளர். தொடரை எழுதியவர்கள் முதல் கூட்டத்தை நினைத்து எழுதினார்கள். இரண்டாவது கூட்டமும் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தது.

‘பிள்ளை டாக்டராக வேண்டும்’ என்ற பிடிவாதமும் இப்படித்தான். ஆசியப் பெற்றோர் என்றால் உடனே வரும் கேலி அது. ஏதோ ரத்தத்தில் ஊறிய குணம் போலக் காட்டப்படுகிறது. உண்மையில் அது குடிநுழைவுச் சட்டத்தில் ஊறிய குணம். அமெரிக்கா 1965இல் தன் குடிநுழைவுச் சட்டத்தை மாற்றியபோது, ஆசியர்களுக்குக் கதவு திறந்தது. கல்வித் தகுதியும் தொழில் திறனும் உள்ளவர்களுக்கு அதில் தனி இடம் கிடைத்தது. மருத்துவர்களும் பொறியாளர்களும் போனார்கள். பிரிட்டனும் தன் பொது மருத்துவமனைகளை நடத்த இந்தியத் துணைக்கண்டத்து மருத்துவர்களை நம்பியிருந்தது. சான்றிதழைக் காட்டித்தான் உள்ளே வர முடிந்தது என்றால், பிள்ளையிடமும் சான்றிதழைத்தானே கேட்பார்கள்? மலாயாவுக்குத் தோட்டத் தொழிலாளராக வந்தவர்களின் கதை வேறு. அங்கே படிப்பு என்பது உள்ளே வரும் வழியாக இருக்கவில்லை, தோட்டத்தைவிட்டு வெளியேறும் வழியாக இருந்தது. வழி வேறானாலும் பிள்ளையின் மதிப்பெண் அட்டையைப் பார்க்கும் பார்வை ஒன்றாகவே இருக்கிறது.

குமார் வீட்டுப் பாட்டி

2001இல் தொடங்கிய ‘தி குமார்ஸ் அட் நம்பர் 42’ இன்னும் ஒரு படி மேலே போனது. லண்டன் வெம்ப்ளியில் ஒரு வீடு. மகன் சஞ்சீவுக்குத் தொலைக்காட்சியில் பேட்டி காணும் ஆசை. பெற்றோர் என்ன செய்தார்கள்? கொல்லைப்புறத்தை இடித்து மகனுக்கு ஓர் ஒளிப்பதிவுக் கூடமே கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வருகிற விருந்தினர் எல்லாம் உண்மையான பிரபலங்கள். மகன் கேள்வி கேட்க வாய் திறப்பதற்குள் தந்தை பணக் கணக்கைக் கேட்பார், தாய் கல்யாணப் பேச்சை எடுப்பார், பாட்டி விருந்தினரோடு சரசமாகப் பேச ஆரம்பித்துவிடுவார். இத்தொடர் 2002, 2003 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அனைத்துலக எம்மி விருதைப் பெற்றது.

பெற்றோரின் குறுக்கீடு இங்கே கேலிக்குரியதாக இருந்தாலும் அவர்கள் தோற்றுப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிகழ்ச்சியின் வெற்றியே அவர்கள்தான். பயிற்சி பெற்ற பேட்டியாளர் கேட்கத் தயங்குவதை அவர்கள் நேரடியாகக் கேட்டார்கள். விருந்தினரும் மனம் திறந்தார்கள். பாட்டியாக வேடமிட்ட மீரா சயாலுக்கும் பேரனாக நடித்த சஞ்சீவ் பாஸ்கருக்கும் 2005இல் உண்மையிலேயே திருமணம் நடந்தது. எந்தக் கதாசிரியருக்கும் தோன்றாத திருப்பம் அது.

வீட்டுப் பிள்ளை எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடவும் முடியாது. பர்மிங்காமில் வளர்ந்த பாகிஸ்தானிய வம்சாவளி நடிகர் ஆதில் ரே உருவாக்கிய ‘சிட்டிசன் கான்’ 2012இல் பிபிசி 1இல் தொடங்கியது. தம்மைச் சமூகத் தலைவர் என்று தாமே சொல்லிக்கொள்ளும் திருவாளர் கானும் அவருடைய மனைவி மக்களும்தான் கதை. ஒப்பனையோடு இருக்கும் இளைய மகள், தந்தை வரும் சத்தம் கேட்டதும் அவசரமாக முக்காட்டைப் போட்டுக்கொண்டு குர்ஆன் ஓதுவது போல் நடிக்கும் காட்சி முதல் பகுதியிலேயே வந்தது. புகார்கள் குவிந்தன. எல்லாக் குடும்பங்களிலும் பிள்ளைகள் தந்தையை ஏமாற்றுவதில்லையா, வெள்ளைக்காரத் தந்தையரைக் கேலி செய்யும் தொடர்கள் எத்தனையோ இல்லையா, முஸ்லிம் குடும்பம் மட்டும் ஏன் விதிவிலக்கு என்று ஒரு சாரார் கேட்டனர். நியாயமான கேள்விதான்.

ஆனால் வெள்ளைக்கார அசட்டுத் தந்தை ஒருவர் ஓர் அலைவரிசையில் வரும் நேரத்தில், மற்ற அலைவரிசைகளில் வெள்ளைக்கார நீதிபதியும் துப்பறிவாளரும் கவிஞரும் வந்துகொண்டிருப்பார்கள். திருவாளர் கானுக்கு அந்த வசதி இல்லை. திரையில் அப்படிப்பட்ட குடும்பம் ஒன்றே ஒன்றுதான் என்றால், பார்க்கிறவர்கள் அதையே முழுச் சமூகமாக எடுத்துக்கொள்கிறார்கள். சுமை பாத்திரத்தின் மேல் அல்ல, எண்ணிக்கையின் மேல் இருக்கிறது.

இதைச் சிங்கப்பூர் நேயர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1995 முதல் 2003 வரை வந்த ‘அண்டர் ஒன் ரூஃப்’ தொடரில், மினிமார்ட் நடத்தும் டான் ஆ டெக் வீவக வீட்டில் உட்கார்ந்துகொண்டு, நெடுங்காலத்துக்கு முன்பு தென் சீனாவில் நடந்ததாக ஒரு நீதிக்கதையை ஆரம்பிப்பார். பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். மோசஸ் லிம் நடித்த அந்தத் தந்தையைப் பார்த்து நாடே சிரித்தது. சீனச் சமூகத்தையே கேலி செய்துவிட்டார்கள் என்று சொல்லத் தேவை ஏற்படவில்லை. பெரும்பான்மையினரின் தந்தை, தந்தையாக மட்டும் இருக்க முடிகிறது.

அமெரிக்காவில் இந்தச் சுமை ஒரு நடிகையையே நசுக்கியது. 1994இல் ஏபிசி தொலைக்காட்சி, கொரிய வம்சாவளி நகைச்சுவையாளர் மார்கரெட் சோவை வைத்து ‘ஆல் அமெரிக்கன் கேர்ல்’ என்ற தொடரைத் தொடங்கியது. தாய்க்கும் மகளுக்கும் இடையிலான மோதல்தான் கரு. முகம் பருமனாக இருக்கிறது, உடம்பைக் குறைக்க வேண்டும் என்றார்கள். பிறகு அவர் போதுமான அளவு ஆசியராக இல்லை என்று கண்டுபிடித்து, ஆசியராக நடந்துகொள்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஓர் ஆலோசகரை அமர்த்தினார்கள். சோ இதைப் பின்னாளில் தம் மேடை நிகழ்ச்சியில் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தார். தொடர் 1995இல் 19 பகுதிகளோடு நின்றுபோனது.

அடுத்து ஓர் ஆசியக் குடும்பத்தை மையமாக வைத்த தொடர் அமெரிக்காவின் முதன்மை அலைவரிசை ஒன்றில் நிலைத்து நிற்க 20 ஆண்டுகள் ஆயின. 2015இல் வந்த ‘ஃப்ரெஷ் ஆஃப் தி போட்’, தைவானிய வம்சாவளியினரான எடி ஹுவாங்கின் தன்வரலாற்றைத் தழுவியது. பள்ளியில் தன் மீ உணவை மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேலி செய்ததால், வெள்ளைக்காரர் சாப்பாடு வேண்டும் என்று சிறுவன் அடம்பிடிக்கிறான். கண்டிப்பும் சிக்கனமுமான தாய் ஜெசிகா எரிந்து விழுகிறார். ஆனால் மகனை ஒருவன் இனப்பெயர் சொல்லி இழிவுபடுத்திச் சண்டை மூண்டபோது, அதே தாய் தலைமையாசிரியர் அறையில் மகன் பக்கம் நின்று வாதாடுகிறார். நல்ல காட்சி. எனினும் ஹுவாங்குக்குத் திருப்தியில்லை. அவர் புத்தகத்தில் எழுதிய அடியும் உதையும் திரையில் இல்லை. தம் வீட்டின் வலியை எடுத்துவிட்டு, யார் மனமும் நோகாத ஒரு குடும்பத்தைக் காட்டுகிறார்கள் என்று தொடர் தொடங்கும் முன்பே வெளிப்படையாகக் குறைகூறினார். முதல் பருவத்தோடு விலகியும் கொண்டார். தொடர் அவர் இல்லாமல் 2020 வரை ஓடியது.

தாய்க்கும் ஓர் ஆசை

தமிழ்க் குடும்பம் ஒன்று இந்த வரிசையில் நடுநாயகமாக வந்தது 2020இல். மிண்டி கேலிங், லாங் ஃபிஷர் ஆகியோர் உருவாக்கிய ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ நெட்ஃபிளிக்ஸில் நான்கு பருவங்களாக 2023 வரை வெளிவந்தது. மிண்டியின் முழுப்பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம்; தந்தை வழியில் தமிழர். நாயகி தேவி விஸ்வகுமாராக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன், இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்தவர். ஏறக்குறைய 15,000 பேரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

தேவியின் தாய் நளினி தோல் மருத்துவர். கண்டிப்பானவர், கடுஞ்சொல்காரர், பையன்களோடு பேசக் கூடாது என்பவர். பட்டியலில் உள்ள எல்லாக் குணங்களும் அவரிடம் இருக்கின்றன. ஆனால் கதை தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் அவருடைய கணவர், மகளின் இசை நிகழ்ச்சியில் மாரடைப்பால் சரிந்து இறந்திருக்கிறார். செல்லம் கொடுத்த தந்தை போய்விட்டார். கண்டிக்கும் தாய் மிஞ்சியிருக்கிறார். நளினியின் கோபம் ‘ஆசியத் தாயின் கோபம்’ அல்ல, அந்நிய ஊரில் பதின்ம வயது மகளோடு தனியே விடப்பட்ட ஒரு விதவையின் பயம். இது புரிந்த பிறகு அவர் கத்தும் காட்சிகள் வேறு மாதிரி ஒலிக்கின்றன.

இரண்டாம் பருவத்தில் தொடர் ஒரு துணிச்சலான வேலையைச் செய்தது. நளினிக்குச் சக மருத்துவர் ஒருவர் மீது ஈர்ப்பு ஏற்படுகிறது. மகளுக்குத் தெரியவருகிறது. ஒரே சமயத்தில் இரண்டு பையன்களைக் காதலித்து இருவரையும் ஏமாற்றிய தேவி, தாய் ஒருவரை விரும்புவதைக் கண்டு கொதித்தெழுகிறாள். கட்டுப்பெட்டித்தனம் பெற்றோரின் தனிச்சொத்து என்று அதுவரை சிரித்துக்கொண்டிருந்த இளைய நேயர்கள் அந்த இடத்தில் சற்று நெளிந்திருக்க வேண்டும். பிள்ளைகளின் பார்வையில் எழுதப்படும் தொடர்களில் தாய்க்கு ஒரே வேலைதான் உண்டு: தடுப்பது. தாய்க்கென்று ஓர் ஆசை இருக்கலாம் என்பது எழுதுகிறவர்களுக்கே தோன்றுவதில்லை.

இத்தொடரிலும் குறையில்லாமல் இல்லை. மாமன் மகளா, சித்தி மகளா என்று தெரியாமல் எல்லாரும் ‘கசின்’ ஆகிவிடுவது ஒரு பக்கம். இந்தியாவிலிருந்து வந்திருக்கும் கமலா, கலிபோர்னியாவில் பிறந்த நடிகையின் வாயில் கனத்த உச்சரிப்போடு பேசுவது மறுபக்கம். பேச்சின் ஒலியே சிரிப்புக்குப் போதும் என்ற பழைய வழக்கம் எளிதில் போவதில்லை.

கொரியத் தந்தையின் கடைக்குத் திரும்புவோம். ‘கிம்ஸ் கன்வீனியன்ஸ்’ தந்தையாக நடித்த பால் சன்-ஹியுங் லீ வெளியில் அந்த உச்சரிப்பில் பேசுவதில்லை, திரையில் பேசுகிறார். அது பலருக்கும் உறுத்தவில்லை. பாத்திரம் சொல்லும் செய்திதான் அங்கே சிரிப்பை வரவழைக்கிறது. மூல நாடகத்தை எழுதிய இன்ஸ் சோய் கொரிய வம்சாவளியினர் என்பதும் ஒரு காரணம். ஆனால் 2021இல் தொடர் திடீரென்று முடிவுக்கு வந்தபோது உள்வீட்டுப் புழுக்கம் வெளியே வந்தது. எழுத்தாளர் குழுவில் கொரியர்கள், குறிப்பாகக் கொரியப் பெண்கள் போதிய அளவில் இல்லை என்று தாயாக நடித்த ஜீன் யூன் வெளிப்படையாகச் சொன்னார். மகனாக நடித்த சிமு லியுவும் அதே குறையைச் சொன்னார். எழுத்தறையில் இல்லாத வாழ்க்கை திரையில் எங்கிருந்து வரும்? வீட்டுக்குள் வளராதவருக்குத் தாயின் பழக்கம் தெரியும். அவர் ஏன் அப்படி ஆனார் என்பதைச் சொல்ல யாராவது வேண்டும்.

சொல்லப்படாத அந்தக் கதையையே கருவாக எடுத்துக்கொண்டது 2015இல் வெளிவந்த ‘மாஸ்டர் ஆஃப் நன்’ தொடரின் ஒரு பகுதி. தலைப்பே ‘பெற்றோர்’. எழுதியவர்கள் அசிஸ் அன்சாரியும் தைவானிய வம்சாவளி ஆலன் யாங்கும். அடுத்த ஆண்டு எழுத்துக்கான எம்மி விருது இதற்குக் கிடைத்தது. அன்சாரி, தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கா சென்ற தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. திரையில் அவருடைய பெற்றோராக நடித்தவர்கள் அவரைப் பெற்றவர்களேதான். தந்தை சௌகத் மருத்துவர், தாய் பாத்திமா. இருவரும் நடிகர்கள் அல்லர்.

கதை மிகச் சின்னது. தம் ஐபேடைச் சரிசெய்து தரும்படி மகனிடம் தந்தை கேட்கிறார். படத்துக்கு நேரமாகிவிட்டது என்று மகன் கிளம்புகிறான். தந்தையின் முகம் மாறுகிறது. இந்தியாவில் அவருடைய சிறுவயது, பிறகு அமெரிக்காவில் வந்து இறங்கிய நாட்கள் எல்லாம் திரையில் விரிகின்றன. மகனின் தைவானிய நண்பனுக்கும் அதே நிலைமைதான். அவன் தந்தை, தாம் வளர்த்த கோழியை இரவுச் சாப்பாட்டுக்காகத் தம் கையாலேயே கொல்ல வேண்டியிருந்த சிறுவன். குற்ற உணர்ச்சியில் பிள்ளைகள் இருவரும் பெற்றோரை விருந்துக்கு அழைத்துச் செல்கிறார்கள். அமெரிக்காவில் முதல் நாள் எப்படி இருந்தது என்று மகன் தாயைக் கேட்கிறான். சோஃபாவில் உட்கார்ந்து அழுததாக அவர் சொல்கிறார். குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. இத்தனை வருடத்தில் மகன் அதைக் கேட்டது அன்றுதான்.